மருத்துவமனை தரும் பிரேஸ், வீடு தரும் நேரம்



முதுகுத்தண்டு வளைந்த குழந்தையை வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது? இதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. நான் இயன்முறை மருத்துவர். பல ஆண்டுகளாக இந்தப் பிள்ளைகளோடு பழகி வருகிறேன். மருத்துவமனையின் மேசையில் படுக்கவைத்தும் பார்த்திருக்கிறேன். அவர்கள் வீட்டுக் கூடத்தில் பாயை விரித்துப் பக்கத்தில் உட்கார்ந்தும் பார்த்திருக்கிறேன். இன்று நான் பேசப்போவது அந்தப் பாயில் உட்கார்ந்து கற்றுக்கொண்டதை.

எலும்பு டாக்டர் உங்கள் பிள்ளையை நான்கு மாதத்துக்கு ஒருமுறை, அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிறார். எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து அளக்கிறார். சில நிமிடம் பேசுகிறார். மீதி நேரம் முழுவதும் அந்த முதுகு யார் பொறுப்பில் இருக்கிறது? சாப்பிடுவது உங்கள் வீட்டில். தூங்குவது உங்கள் வீட்டில். கண்ணாடி முன்னால் நின்று கண்கலங்குவதும் உங்கள் வீட்டில். டாக்டர் வழி சொல்கிறார், நடக்கவேண்டியது வீடு. அந்த நடையை யாரும் உட்கார்ந்து உங்களுக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை. மருந்துச் சீட்டில் அதற்கு இடமும் இல்லை.

முதலில், இந்த ஸ்கோலியோசிஸ் என்பது என்ன?

பின்னாலிருந்து பார்த்தால் முதுகுத்தண்டு நேராக இறங்க வேண்டும். அது பக்கவாட்டில் வளைந்து, வளையும்போதே முறுக்கியும் கொள்கிறது என்றால், அதுதான் ஸ்கோலியோசிஸ். முறுக்கும்போது விலா எலும்புகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது. அதனால்தான் முதுகின் ஒரு பக்கம் மேடாகத் தெரிகிறது. தோள் ஒன்று ஏறி ஒன்று இறங்குகிறது. இடுப்பின் ஒரு பக்க மடிப்பு ஆழமாகிறது. கூன் என்பது வேறு. கூன் முன்பக்கம் குனிவது. "நிமிர்ந்து உட்காரு, நிமிர்ந்து உட்காரு" என்று நாள் முழுக்க அதட்டுகிறோமே, அந்த அதட்டலால் இந்த வளைவு நிமிராது. பிள்ளையின் மனசு மட்டும்தான் குனியும்.

வளைவை அளக்க ஒரு முறை உண்டு. ஜான் காப் என்ற அமெரிக்க மருத்துவர் 1948-இல் எழுதிவைத்தது. எக்ஸ்ரேயில் வளைவின் உச்சியில் ஒரு கோடு, அடியில் ஒரு கோடு. இரண்டுக்கும் இடையில் எத்தனை டிகிரி என்று பார்ப்பார்கள். 10 டிகிரியும் அதற்கு மேலும் இருந்தால்தான் ஸ்கோலியோசிஸ் என்று பெயர். வளரிளம் பிள்ளைகளில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இது இருக்கிறது. பெரிய உயர்நிலைப் பள்ளி ஒன்றின் காலை வழிபாட்டு வரிசையை நினைத்துப் பாருங்கள். அந்த வரிசையில் உங்கள் பிள்ளை தனியாக நிற்கவில்லை. சின்ன வளைவுகள் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஏறக்குறைய சமமாகவே வருகின்றன. ஆனால் 30 டிகிரியைத் தாண்டிப் போகிற வளைவு ஆண்பிள்ளைகளைவிடப் பெண்பிள்ளைகளுக்குப் பல மடங்கு அதிகம். நம் சமூகத்தில் இந்தச் செய்தி எவ்வளவு பாரமாகிறது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

யார் காரணம்? எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் கேள்வி இதுதான். புத்தகப் பை காரணமா? இல்லை. பையின் பாரம் முதுகை வலிக்கவைக்கும். முதுகுத்தண்டை இப்படி முறுக்காது. குனிந்து செல்போன் பார்த்தது காரணமா? இல்லை. ஒருக்களித்துப் படுத்தது காரணமா? இல்லை. குழந்தையாக இருந்தபோது இடுப்பில் ஒரே பக்கமாகத் தூக்கிவைத்துக்கொண்டது காரணமா? இல்லை. கிரகணத்தின்போது அம்மா வெளியே போனது காரணமா? இல்லை, இல்லவே இல்லை. பத்து வயதுக்கு மேல் தெரியவரும் வளைவுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணத்தை மருத்துவம் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. பரம்பரையின் பங்கு உண்டு. ஒரு பிள்ளைக்கு இருந்தால் உடன்பிறந்தவர்களின் முதுகையும் ஒருமுறை பார்ப்பது நல்லது. சில பிள்ளைகளுக்குக் கருவிலேயே முதுகெலும்பு கோணலாக உருவாகியிருக்கும். சிலருக்கு மூளை, நரம்பு, தசை நோய்களால் வரும். இவற்றில் எதுவுமே ஒரு தாயின் கவனக்குறைவு அல்ல. மாமியாரோ நாத்தனாரோ இங்கே வந்திருந்தால், அவர்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்: அந்தப் பெண்ணைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். அவள் இனிமேல் செய்யவேண்டிய வேலை நிறைய இருக்கிறது.

சரி, வீடு இதை எப்படிக் கண்டுபிடிக்கும்?

பிள்ளை கைக்குழந்தையாக இருந்தபோது நாம் அதன் முதுகை நாள்தோறும் பார்த்தோம். எண்ணெய் தேய்த்தோம், காலில் போட்டுக் குளிப்பாட்டினோம். எட்டு ஒன்பது வயதானதும் பிள்ளை தானே குளிக்கத் தொடங்குகிறது, கதவைச் சாத்திக்கொள்கிறது. அது சரிதான், அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் பத்து வயதிலிருந்து பதினான்கு வயதுவரை, வளைவு வேகமாகப் போகக்கூடிய அந்தக் காலத்தில், அந்த முதுகை வீட்டில் ஒருவரும் பார்ப்பதில்லை. யார் பார்க்கிறார்கள் தெரியுமா? தையற்காரர் பார்க்கிறார். தீபாவளிக்கு அளவு எடுக்கும்போது, "என்னம்மா, பாப்பாவுக்கு ஒரு தோள் அரை இஞ்ச் இறங்கியிருக்கு" என்கிறார். பாவாடையின் ஒரு பக்கம் தரையைத் தொடுகிறது, இன்னொரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. தையல் கோணல் என்று பிரித்துத் தைக்கச் சொல்கிறோம். இரட்டைச் சடை பின்னும் அக்கா பார்க்கிறாள், ஒரு பக்கத் தோள்பட்டை எலும்பு பிதுங்கி நிற்பதை. தையற்காரர் சொன்னால் காதில் வாங்குங்கள். அக்கா சொன்னால் காதில் வாங்குங்கள்.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. அதற்குப் பின்னால் ஒரு கதையும் உண்டு. இங்கிலாந்தில் கிடியன் மாண்டெல் என்று ஒரு மருத்துவர் இருந்தார். இக்வனோடான் என்ற டைனோசரை உலகுக்கு அறிமுகப்படுத்திய ஆராய்ச்சியாளரும் அவரே. குதிரைவண்டி விபத்துக்குப் பிறகு பல ஆண்டுகள் முதுகு வலியில் துடித்தார். 1852-இல் இறந்தபின் உடலை அறுத்துப் பார்த்தார்கள். நிமிர்ந்து நின்றபோது வெளியே அதிகம் காட்டிக்கொடுக்காத முதுகுக்குள் பெரும் வளைவும் முறுக்கும் இருந்தன. இதையெல்லாம் ஆராய்ந்த வில்லியம் ஆடம்ஸ் என்ற அறுவை மருத்துவர், குனியவைத்துப் பார்த்தால் முறுக்கு தெரிந்துவிடும் என்று 1865-இல் எழுதினார். இன்றுவரை உலகம் முழுவதும் அந்தச் சோதனைதான்.

பிள்ளையைக் காலைச் சேர்த்து, முழங்காலை மடக்காமல் நிற்கச் சொல்லுங்கள். இரண்டு கைகளையும் கும்பிடுவதுபோல் சேர்த்து, தலையைத் தொங்கவிட்டு, மெதுவாக முன்னால் குனியச் சொல்லுங்கள். நீங்கள் பின்னால் உட்கார்ந்து, உங்கள் கண் அந்த முதுகின் மட்டத்துக்கு வரும்படி பாருங்கள். முதுகின் இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் இருக்கிறதா? ஒரு பக்கம் மேடு கட்டியிருக்கிறதா? மேடு இருந்தால் எலும்பு டாக்டரைப் பாருங்கள். வலிக்கவில்லையே என்று தள்ளிப்போடாதீர்கள். இந்த வளைவு பெரும்பாலும் வலிக்காது. அதுதான் இதன் ஆபத்து. ஆனால் இரவில் எழுப்பிவிடுகிற வலி, கால் மரத்துப்போவது, நடையில் தடுமாற்றம், சிறுநீர் அடக்கமுடியாமல் போவது, சில மாதங்களுக்குள்ளேயே வளைவு சடசடவென்று ஏறுவது, இவற்றில் ஏதாவது இருந்தால் அடுத்த செக்கப் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே போக வேண்டும். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் எடுத்துவிட வேண்டும்.

டாக்டர் என்ன செய்வார்? அளவைப் பார்ப்பார், இன்னும் எவ்வளவு வளர்த்தி மிச்சம் இருக்கிறது என்றும் பார்ப்பார். 20, 25 டிகிரிக்குக் கீழே என்றால் பெரும்பாலும் கவனித்து வருவார்கள். 25-க்கு மேல் 40, 45 வரை, வளரும் பிள்ளை என்றால் பிரேஸ். 45, 50-ஐத் தாண்டினால் அறுவைச் சிகிச்சையைப் பற்றிப் பேசுவார்கள். வளர்த்தி மிச்சம் என்றேன். பெண்பிள்ளைகளுக்கு வயதுக்கு வருவதற்கு முந்தைய மாதங்களில்தான் உயரம் கிடுகிடுவென ஏறும். வயதுக்கு வந்து இரண்டு ஆண்டுகளில் வளர்த்தி ஏறக்குறைய முடிந்துவிடும். அதனால்தான் டாக்டர் அந்தத் தேதியைக் கேட்கிறார். ஆண் டாக்டர் கேட்கிறாரே என்று கூச்சப்பட்டு மழுப்பாதீர்கள். அந்த ஒரு தேதியை வைத்து ஒரு சிகிச்சையே முடிவாகிறது.

இப்போது பிரேஸுக்கு வருகிறேன். நம் ஊரில் "பெல்ட்" என்கிறோம். கேட்டால் லேசாக இருக்கிறது. ஆனால் அது பிளாஸ்டிக்கில் வார்த்த கவசம். அக்குளுக்குக் கீழிருந்து இடுப்பு எலும்புவரை பிடித்துக்கொள்ளும். மேட்டை அழுத்துகிற இடத்தில் மெத்தை, எதிர்ப்பக்கம் முதுகு நகர இடைவெளி.

இது வேலை செய்கிறதா? பெற்றோர்கள் என்னிடம் கேட்கிற கேள்வி, கேட்கவேண்டிய கேள்வி. அமெரிக்காவிலும் கனடாவிலும் 25 மருத்துவமனைகள் சேர்ந்து ஓர் ஆய்வு நடத்தின. முடிவு 2013-இல் வந்தது. பிரேஸ் போட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 72 பேர், வளர்ந்து முடியும்வரை 50 டிகிரியைத் தொடாமல் தப்பினார்கள். பிரேஸ் இல்லாமல் கண்காணிக்கப்பட்டு மட்டும் வந்தவர்களில் நூற்றுக்கு 48 பேர். இதோடு நின்றிருந்தால் நான் இந்த ஆய்வை இங்கே கொண்டுவந்திருக்க மாட்டேன். அந்தப் பிரேஸ்களுக்குள் வெப்பத்தைப் பதிவுசெய்யும் சின்னக் கருவி ஒன்றை வைத்திருந்தார்கள். பிள்ளை உண்மையில் எத்தனை மணி நேரம் போட்டிருந்தது என்று அது சொல்லிவிடும். நாளொன்றுக்குச் சராசரி 13 மணி நேரமாவது போட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 90 பேருக்கு மேல் தப்பினார்கள். ஆறு மணி நேரமும் அதற்குக் குறைவாகவும் போட்டவர்களின் நிலையோ, பிரேஸே போடாதவர்களின் நிலையிலிருந்து பெரிதாக வேறுபடவில்லை.

இதன் பொருள் என்ன? பிளாஸ்டிக் பிள்ளையைக் காப்பாற்றவில்லை. நேரம் காப்பாற்றுகிறது! அந்த நேரத்தை எந்த மருத்துவமனையும் கொடுக்க முடியாது. பணம் கொடுத்தும் வாங்க முடியாது. உங்கள் வீடு மட்டும்தான் கொடுக்க முடியும். பெரும்பாலும் 18 மணி நேரம், அதற்கு மேலும் போடச் சொல்வார்கள். உங்கள் டாக்டர் சொன்ன கணக்குதான் உங்களுக்கு. பீரோவின் மேல் தூங்குகிற பிரேஸ்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த வீடுகளைத் திட்டவேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை. மதுரையின் சித்திரை வெயிலில் ஒரு பிளாஸ்டிக் கவசத்துக்குள் இருப்பது என்றால் என்ன என்று அந்தப் பிள்ளைக்குத்தான் தெரியும். எப்படி அதைத் தாங்கக்கூடியதாக ஆக்குவது? வீட்டின் கெட்டிக்காரத்தனம் அங்கேதான் இருக்கிறது.

பனியனில் தொடங்குங்கள். உடம்போடு ஒட்டிய பருத்தி பனியன், பிரேஸைவிட நீளமாக இருக்க வேண்டும். பக்கத் தையல் தோலில் அழுத்தினால் பனியனை உள்வெளியாகத் திருப்பிப் போடுங்கள். ஒரு சுருக்கம்கூட இருக்கக் கூடாது. பிரேஸின் அழுத்தத்தில் ஒரு சின்னச் சுருக்கம் மாலைக்குள் புண்ணாகிவிடும். வேர்த்து நனைந்த பனியனை மாற்ற வேண்டும். பள்ளிப் பையில் மாற்றுப் பனியன் ஒன்று எப்போதும் இருக்கட்டும். வேர்க்குரு வருகிறதே என்று பவுடரைக் கொட்டாதீர்கள். வியர்வையில் அது கட்டிதட்டித் தோலை உரசும். தேங்காய் எண்ணெயும் வேண்டாம், கிரீமும் வேண்டாம்; பிரேஸுக்குள் அவை தோலை இளக வைத்துவிடும். நாள்தோறும் குளிக்கவைத்து, நன்றாகத் துடைத்து, காற்றில் உலரவிட்டுப் பிறகு போடுங்கள். கழற்றும்போதெல்லாம் தோலைப் பாருங்கள். மெத்தை அழுத்திய இடம் சிவந்திருப்பது இயல்பு. அரை மணி நேரத்தில் அந்தச் சிவப்பு மறைய வேண்டும். மறையவில்லை, தோல் உரிந்திருக்கிறது, கொப்புளம் இருக்கிறது என்றால் பிரேஸ் செய்தவரிடம் எடுத்துக்கொண்டு போங்கள். நீங்களே கத்தியை எடுத்து ஓரத்தைச் சீவாதீர்கள். பிரேஸைச் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து நிழலில் காயவையுங்கள். மொட்டைமாடி வெயிலிலோ, பூட்டிய காருக்குள்ளோ வைத்தால் உருக்குலைந்துவிடும்.

முதல் நாளே இருபது மணி நேரம் போடவைக்க வேண்டாம். டாக்டர் சொல்கிற கணக்குப்படி இரண்டு மணி, நான்கு மணி என்று ஏற்றி, ஒன்றிரண்டு வாரத்தில் முழு நேரத்துக்கு வாருங்கள். சாப்பாட்டையும் மாற்றியாக வேண்டும். பிரேஸ் வயிற்றை அழுத்துவதால் ஒரே மூச்சில் வயிறு நிறையச் சாப்பிட முடியாது. கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை கொடுங்கள். பிள்ளை மெலிந்தால் பிரேஸ் தளர்ந்துவிடும், அளவு தவறிவிடும். உள்ளாடையைப் பிரேஸுக்கு மேலே போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் பிரேஸைக் கழற்றாமல் கழிப்பறைக்குப் போய்வரலாம். எந்த டாக்டரும் சொல்ல நேரமில்லாத விஷயம் இது. ஆனால் பள்ளி இடைவேளையின் பத்து நிமிடத்தில் ஒரு பெண்குழந்தைக்கு எவ்வளவு பெரிய விஷயம்! சீருடை ஒரு அளவு பெரிதாக இருந்தால் பட்டன் பிதுங்காது. பாயிலோ மெத்தையிலோ, எப்படி வசதியோ அப்படிப் படுக்கலாம்.

ஒரு வீட்டில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். காலை ஆறரை மணி. கூடத்தில் பாய். பன்னிரண்டு வயதுப் பெண் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி வைத்திருக்கிறாள். அம்மா குனிந்து பிரேஸின் வாரைப் பிடித்து இழுக்கிறார். அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு, "அம்மா, நீ இழுக்காத. நானே போட்டுக்கிறேன்" என்கிறாள். அம்மாவுக்குப் பயம், சரியாக இறுக்கமாட்டாளோ என்று. அம்மாவை விலகச் சொன்னேன். வார் எதுவரை வர வேண்டுமோ அந்த இடத்தில் பேனாவால் ஒரு கோடு போடச் சொன்னேன். அந்தப் பெண் பனியனைக் கீழே இழுத்துச் சுருக்கம் எடுத்தாள். மூச்சை மெல்ல வெளியே விட்டாள். விட்ட மூச்சின் கடைசியில் வாரை இழுத்தாள். பேனாக் கோட்டுக்கு வந்து நின்றது. அடுத்தது. அதற்கடுத்தது. எழுந்து நின்று, வார் கோட்டில் இருக்கிறதா என்று அம்மாவிடம் காட்டினாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து அந்த வீட்டில் காலைச் சண்டை இல்லை. பிரேஸ் அந்தப் பிள்ளையின் உடம்பில் ஏறுகிறது. இறுக்குகிற கையும் அந்தப் பிள்ளையுடையதாக இருக்கட்டும். எந்த நேரத்தில் கழற்றுவது என்பதையும் டாக்டரின் கணக்குக்குள் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். ஒருத்திக்குக் கபடிக்காக வேண்டும், இன்னொருத்திக்குப் பரத வகுப்புக்காக வேண்டும். கொடுங்கள். விளையாட்டை நிறுத்தாதீர்கள், நீச்சலை நிறுத்தாதீர்கள், நடனத்தை நிறுத்தாதீர்கள்! ஆசிரியர்களே, பி.டி. பீரியடில் இந்தப் பிள்ளையை மரத்தடியில் உட்காரவைத்து எல்லோருடைய பைக்கும் காவல் வைக்காதீர்கள். உசைன் போல்ட்டின் முதுகும் வளைந்த முதுகுதான். அவர் அதை மறைக்காமல் சொல்லியிருக்கிறார். உலகத்திலேயே வேகமாக ஓடிய மனிதர் அவர்.

உடற்பயிற்சி பற்றிக் கேட்பீர்கள். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் 1894-இல் காத்தரீனா ஷ்ரோத் என்ற பெண் பிறந்தார். அவருக்கே முதுகுத்தண்டு வளைவு. பதினாறு வயதில் இரும்புக் கம்பி வைத்த கவசத்தை மாட்டிவிட்டார்கள். அவர் கண்ணாடி முன் நின்று தன் உடம்பைத் தானே படித்தார். நசுங்கிய பந்துக்குள் காற்றை ஏற்றினால் உள்வாங்கிய இடம் மேலெழுவதுபோல, உள்வாங்கிய விலாப்பக்கத்துக்கு மூச்சைச் செலுத்தப் பழகினார். 1921-இல் மைசன் நகரில் தன்னைப் போன்ற நோயாளிகளுக்கு ஒரு சிறு நிலையம் தொடங்கினார். இன்று உலகெங்கும் இயன்முறை மருத்துவர்கள் கற்றுத்தரும் ஷ்ரோத் பயிற்சி, நோயாளியாக இருந்த ஒரு பெண்ணின் கண்டுபிடிப்பு. ஒவ்வொரு வளைவுக்கும் பயிற்சி வேறு. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சொன்னதை உங்கள் பிள்ளைக்குச் செய்யாதீர்கள். செல்போனில் பார்த்ததையும் செய்யாதீர்கள். பயிற்சி தெரிந்தவரிடம் நேரில் கற்றுக்கொண்டு வீட்டில் தினமும் செய்யவேண்டும். பிரேஸ் போடச் சொன்ன பிள்ளைக்குப் பயிற்சி துணை. பிரேஸுக்குப் பதில் ஆகாது.

இதே இடத்தில் இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். "பிடிச்சு நேராக்கிடலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எண்ணெய் தேய்த்து இதமாக உருவிவிடுவது வேறு. அது அம்மாவின் கை, பிள்ளைக்கு ஆறுதல், குளித்துத் துடைத்துவிட்டால் பிரேஸுக்கும் தொந்தரவில்லை. முதுகை முறித்துச் சொடுக்கெடுத்து எலும்பை நேராக்குகிறேன் என்பது வேறு. அப்படி நேராகிற எலும்பு இல்லை இது. அந்தச் சிகிச்சைகளில் நரம்பு அடிபடுவது ஓர் ஆபத்து. அதைவிடப் பெரிய ஆபத்து, வளர்த்தி மிச்சமிருக்கிற மாதங்கள் கைநழுவிப்போவது. 28 டிகிரியில் பிரேஸ் எழுதிக் கொடுத்த பிள்ளை, இடையில் ஒரு வருடம் எங்கெங்கோ அலைந்துவிட்டு 52 டிகிரியில் திரும்பி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு வருடத்தை இனி யார் கொடுப்பார்கள்?

பின்னால் சொல்கிறேன் என்று ஒன்றை ஒத்திவைத்தேன். இப்போது சொல்கிறேன்.

"டாக்டரம்மா, வெளியில யாருக்கும் தெரிய வேணாம். பொம்பளப் பிள்ளை. நாளைக்கு ஒரு இடத்துல கட்டிக்கொடுக்கணும்." எத்தனை அம்மாக்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு இதைச் சொல்லியிருக்கிறார்கள்! அந்தப் பயத்தை நான் பழிக்கவில்லை. நம் ஊர் எப்படிப் பேசும் என்று எனக்கும் தெரியும். ஆனால் அந்த மறைப்பு வீட்டுக்குள் என்ன செய்கிறது என்று பாருங்கள். விருந்தாளி வந்தால் பிரேஸைக் கழற்று. கல்யாண வீட்டுக்குப் போனால் கழற்று. பாட்டி ஊருக்குப் போனால் பத்து நாள் வேண்டவே வேண்டாம். மஞ்சள் நீராட்டுக்குப் பட்டுச்சேலை கட்ட வேண்டும், போட்டோ எடுக்க வேண்டும், கழற்று. இப்படிக் கழற்றிக் கழற்றி நேரம் எங்கே போகிறது? பெண்ணின் முதுகைக் காப்பதற்காக வாங்கிய பிரேஸ், பெண்ணின் பெயரைக் காப்பதற்காகப் பீரோ மேல் ஏறுகிறது. அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. தன் உடம்பு ஒளித்துவைக்கவேண்டிய பொருள் என்று அந்தப் பிள்ளை பன்னிரண்டு வயதில் கற்றுக்கொள்கிறது. அந்தப் பாடத்தைப் பிறகு எந்த டாக்டராலும் திருத்த முடியாது.

அந்தப் பயத்துக்கு உண்மையான பதில் என்ன? அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு நீண்ட ஆய்வு நடந்தது. சிகிச்சையே பெறாத நோயாளிகளை ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து பார்த்து, 2003-இல் வெளியிட்டார்கள். முதுகு வலி மற்றவர்களைவிட அவர்களுக்கு அதிகமாக இருந்தது, உண்மை. தோற்றத்தைப் பற்றிய வருத்தமும் சிலருக்கு இருந்தது, உண்மை. மிகப் பெரிய மார்புப்பகுதி வளைவு இருந்தவர்களுக்கு மூச்சு வாங்கும் தொல்லை இருந்தது, அதுவும் உண்மை. ஆனால் அவர்கள் வேலை பார்த்தார்கள், குடும்பம் நடத்தினார்கள், மற்றவர்களைப் போலவே வாழ்ந்து முதுமையடைந்தார்கள். இந்த வளைவு இருக்கும் பெண்கள் கருத்தரிக்கிறார்கள், நலமாகக் குழந்தை பெறுகிறார்கள். பெரியவர்களே, சொந்தக்காரர்கள் கேட்டால் தலைநிமிர்ந்து சொல்லுங்கள்: "முதுகுத்தண்டு கொஞ்சம் வளைஞ்சிருக்கு, பிரேஸ் போட்டிருக்கோம், வளர்த்தி முடிஞ்சதும் எடுத்திருவோம்." கண்ணாடி போட்டிருக்கிறாள் என்று சொல்ல நாம் கூசுகிறோமா? வகுப்பில் ஒரு தோழிக்காவது தெரிந்திருக்கட்டும். வகுப்பாசிரியருக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

கூட்டத்தில் வேறு சில பெற்றோர்களும் இருக்கிறீர்கள். சக்கர நாற்காலியில் மூன்று பிள்ளைகளை நான் இங்கிருந்தே பார்க்கிறேன். மூளை வாதத்தாலோ தசைச் சிதைவு நோயாலோ முதுகு வளையும் பிள்ளைகளின் வீட்டு வேலை வேறு. அங்கே பிரேஸைவிட உட்காரும் முறை முக்கியம். இடுப்பு ஒரு பக்கமாகச் சாயாமல், பாதம் தொங்காமல், இரண்டு பக்கமும் தாங்கல் வைத்த நாற்காலி வேண்டும். உட்காருகிற எலும்பும் இடுப்பு ஓரமும் அழுந்திப் புண் வராமல் அடிக்கடி இடம் மாற்ற வேண்டும். இரவிலும் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். சாய்ந்தபடி ஊட்டினால் புரையேறி நெஞ்சுக்குள் போய்விடும். நிமிர்த்தி உட்காரவைத்து, பொறுமையாக ஊட்ட வேண்டும். சளி கட்டினால் சும்மா விடக் கூடாது. இதை இரவும் பகலும் செய்கிற தாய்மார்களுக்கு நான் எதையும் கற்றுத்தர வேண்டியதில்லை. உங்களுக்குத் தூங்க நேரம் கொடுக்கவேண்டும் என்று உங்கள் வீட்டாருக்குத்தான் நான் சொல்ல வேண்டும். ஒரு ஆள் மட்டும் செய்து முடிக்கிற வேலை இல்லை இது.

பிரேஸ் போட்டும் சில வளைவுகள் ஏறிவிடும். அப்போது அறுவைச் சிகிச்சை என்றால் வீடு இடிந்து போகிறது. "நாங்க சரியா போடலையா?" என்று அப்பா கேட்கிறார். "நான்தான் சரியா போடலையா?" என்று பிள்ளை கேட்கிறது. ஒழுங்காகப் போட்ட பிள்ளைகளிலும் சிலருக்கு வளைவு ஏறத்தான் செய்யும். அந்தப் பிள்ளையின் தலையில் பழியைப் போடாதீர்கள். அறுவை முடிந்து வந்ததும் சில மாதங்கள் குனிவதும் முறுக்கித் திரும்புவதும் கனம் தூக்குவதும் கூடாது என்பார்கள். நம் வீடுகளுக்கு அதன் பொருள் என்ன? தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிடும் வீட்டில் ஒரு நாற்காலியும் மேசையும் வேண்டும். குத்தவைத்து உட்காரும் கழிப்பறை என்றால் மேற்கத்திய பாணி இருக்கை ஒன்றை முன்கூட்டியே வைத்துக்கொள்ள வேண்டும். பைக்கின் பின்சீட் வேண்டாம், மேடுபள்ளத்தில் ஆட்டோவும் வேண்டாம், டாக்டர் சொல்லும்வரை. பள்ளிக்குப் போனதும் புத்தகங்கள் இரண்டு செட். ஒன்று பள்ளியில், ஒன்று வீட்டில். இவற்றை அறுவைக்கு முந்தைய வாரமே செய்து முடியுங்கள். வந்தபிறகு ஓடாதீர்கள்.

முடிக்கும் முன் அப்பாக்களோடு ஒரு வார்த்தை. மேடையிலிருந்து பார்க்கிறேன், முன் வரிசைகளில் அம்மாக்கள், கடைசி வரிசையிலும் கதவோரத்திலும் அப்பாக்கள். வீடுகளிலும் இதே வரிசைதான். பிரேஸுக்குப் பணம் கட்டுவது அப்பா, மற்றதெல்லாம் அம்மா. ஆனால் பிள்ளை "போடமாட்டேன்" என்று அடம்பிடிக்கிற இரவில் அம்மாவால் மட்டும் தாக்குப்பிடிக்க முடியாது. கத்துவதற்கு அப்பா வேண்டாம். பக்கத்தில் உட்காருவதற்கு அப்பா வேண்டும். எக்ஸ்ரே நாளன்று லீவு போடுங்கள். டிகிரி என்ன வந்தது என்று வீட்டுக்கு வந்து கேட்காமல், அந்த அறையில் இருந்து கேளுங்கள்.

வலப்பக்க மேசையில் மூன்று பிரேஸ்கள் வைத்திருக்கிறேன். வளர்ந்து முடித்து, போடவேண்டிய தேவை தீர்ந்த பிள்ளைகள் கொடுத்துவிட்டுப் போனவை. கேள்விகள் இருப்பவர்கள் அந்த மேசைக்கு வாருங்கள், இரவு எட்டு மணிவரை இருக்கிறேன். அந்தப் பிரேஸ்களில் ஒன்று பெரிய அளவு. மெலிந்த ஆண்களுக்கு ஓரளவு பொருந்தும். அப்பாக்கள் முதலில் வந்து, சட்டைக்கு மேலேயே அதை மாட்டி, வாரைப் பேனாக் கோடுவரை இழுத்துவிட்டு, கீழே விழுந்த பேனா ஒன்றைக் குனிந்து எடுத்துப் பாருங்கள். பிறகு நாம் பேசலாம்.